ஊதா படிந்த கல்

அவனுக்கு அந்தத் தொட்டியில் ஒரே ஒரு மனக்குறைதான். கற்கள் வெள்ளையாகவே இருந்தன.

உப்புநீர்த் தொட்டி வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு கோமாளி மீன்கள், விரல் விரலாக அசையும் பவளம், எப்போது பார்த்தாலும் மணலைக் கிளறிக்கொண்டிருக்கும் ஓர் இறால் என்று எல்லாம் சுகமாகத்தான் இருந்தன. கற்கள் மட்டும் வாங்கிய அன்றைக்கு இருந்த அதே வெள்ளையில், துடைத்து வைத்த எலும்பு மாதிரி நின்றன. பல வருஷம் ஓடிய தொட்டிகளில் கல்லின்மேல் ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு பாசி, பெயின்ட் அடித்தது போல இறுகப் படிந்திருக்கும். மற்றப் பாசி போல அதில் வழுவழுப்பு கிடையாது. நீரில் இருக்கும் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு கல்லோடு கல்லாகிவிடும். அது படிந்தால்தான் தொட்டி பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம் என்பான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து வந்ததும் கிரீஸ் போகக் கை கழுவிவிட்டு நேரே தொட்டிக்குத்தான் போவான். சின்னக் குப்பியில் நீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். சுண்ணாம்புச் சத்து குறைந்திருந்தால் கரைத்து ஊற்றுவான். விளக்கைக் கொஞ்சம் உயர்த்துவான், நீரோட்டத்தைக் கொஞ்சம் திருப்புவான். கல் அசைந்து கொடுக்கவில்லை.

"உங்களுக்கு அந்த நிறம்தானே வேணும்?" என்றாள் மனைவி ஒருநாள். அவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். "எங்ககிட்ட ஈறு பண்ற பொடி டப்பா டப்பாவா கிடக்கு. அதே ரோஸ். ஒண்ணு கொண்டு வரேன், பூசிட்டு நிம்மதியா இருங்க."

"அப்படியே பல்லும் வச்சிடுங்க அண்ணி. மீனாவது இந்த வீட்டுல சிரிக்கட்டும்," என்றாள் சோபாவில் படுத்திருந்த அவன் தங்கை.

தங்கை கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். வேலை மாற்றலாகி வந்து, தனியாக வீடு கிடைக்கும்வரை அண்ணன் வீட்டுக் கூடத்துச் சோபாவில் குடியிருந்தாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர்.

அண்ணியோ அவளுக்கு நேர் எதிர். எல்லாவற்றுக்கும் பயம். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் போய் மறுபடி தொட்டுப் பார்ப்பாள். தொலைபேசி ஒலித்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே எடுப்பாள். போன வருஷம் மாடிப்படியில் புகை வாடை வந்ததென்று ஒவ்வொரு கதவாகத் தட்டி, குடியிருப்பு முழுவதையும் தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். கடைசியில் அது மேல்மாடிக்காரர் அடுப்பில் வைத்து மறந்துபோன பாத்திரம். அதற்குப் பிறகு படியில் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதர், "என்னம்மா, இன்னிக்கு எங்க தீ?" என்று கேட்பார். கணவனும் சிரித்தான். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லைதான். ஆனாலும் அவளுக்கு உடம்பே கூசிப்போயிற்று. அன்றிலிருந்து பயம் வந்தால் வெளியே சொல்லாமல் விழுங்கிவிடுவது என்று பழகிக்கொண்டாள்.

ஊதா படிந்த கல் ஒரு நாள் வாளியில் வந்தது. யாரோ தொட்டியைக் கலைக்கிறார் என்று, மீனும் உப்பும் விற்கும் கடைக்காரர் சொல்லி, அவனே போய் வாங்கி வந்தான். வருஷக்கணக்காக உப்புநீரில் ஊறிய கல். முதுகு முழுக்க ஊதா. ஓரத்தில் மட்டும் பழுப்பு நிறத்தில், சட்டைப் பொத்தான் அளவில், ஏதோ உயிர்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"அது என்ன?" என்றாள் மனைவி.

"அதுவும் ஒரு வகைப் பவளம்தான். பொத்தான் மாதிரி இருக்குல்ல? பாவம், இருந்துட்டுப் போகட்டும்."

ஊதாப் பூச்சைக் கொஞ்சம் சுரண்டி, துகள்களை நீரோட்டத்தில் விட்டான். அந்தத் துகள் போய் ஒட்டுகிற இடத்தில் எல்லாம் புதிதாக முளைக்குமாம். சில மாதம் கழித்து, ஒரு மாலை, சமையலறையிலிருந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். கண்ணாடி மூலையில் கடுகளவு ஓர் ஊதாப் புள்ளி. "பாரு! பாரு!" என்று அவன் குதித்ததைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கடுத்த வாரங்களில் வெள்ளைக் கற்களிலும் புள்ளி விழுந்தது.

கூடவே பொத்தான்களும் பெருகின. கல்லின் ஓரத்தில் இருந்தவை மெல்ல முதுகில் ஏறி, ஊதாவை மூடிக்கொண்டு, பக்கத்துக் கல்லுக்கும் கைநீட்டின. "நான் உயிரைக் கொடுத்து வளர்க்கறேன், இதுங்க மேல ஏறி உட்காருதுங்க," என்று அவனுக்கு ஆற்றாமை. வெந்நீர் ஊற்றினால் செத்துவிடும் என்று எங்கோ படித்துவிட்டு வந்தான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே மழை. சாரல் அடிக்கிறதென்று எல்லா ஜன்னல்களையும் மூடியிருந்தார்கள். படுக்கையறையில் அவள் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாயாடி சோபாவில் டீயோடு உட்கார்ந்திருந்தாள். கூடமும் சமையலறையும் நடுவில் சுவரில்லாமல் ஒன்றாகவே இருக்கும். அவன் கல்லைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்தான். கெட்டிலில் நீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"கையுறை போட்டுக்கிட்டீங்களா?" என்று அவள் உள்ளேயிருந்தே கேட்டாள்.

"வெந்நீர்தானேம்மா. ஆசிட்டா என்ன?"

ஜன்னலையாவது திறந்து வையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். விழுங்கிக்கொண்டாள். ஒவ்வாத ஒரு கடல் வாடை உள்ளே வந்தது. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள்.

அவன் ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, கொதிநீரை ஊற்றி ஊற்றி, பழைய பல்துலக்கியால் பொத்தான்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இஸ்திரி முடித்து அவள் வெளியே வந்தபோது வாயாடி கோப்பையை மூக்கருகில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தாள்.

"டீயில என்ன போட்டீங்க அண்ணி? ஆணியா? இரும்பைச் சப்பின மாதிரி இருக்கு."

அவள் வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஆனால் விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் ஏதோ நின்றது. கசப்பா, துருவா, சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் குடித்தாள். தண்ணீரும் கசந்தது.

சற்று நேரத்தில் வாயாடி போர்வை கேட்டாள். போர்த்திய பிறகும் பல் தந்தியடித்தது. "மழையில நேத்து நனைஞ்சேன், அதான்," என்றாள். கணவன் இருமினான். தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டாற்போன்ற வறட்டு இருமல். கல்லைக் கவிழ்த்துப் பார்த்து, "எல்லாம் காலி," என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு மறுபடியும் இருமினான்.

அவளுக்குள் அந்தப் பழைய பயம் எழுந்தது. 'உனக்கு வேற வேலையில்ல,' என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கூடத்து மேசையில் பாத்திரத்தை வைத்து அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். தெருவில் நின்ற அத்தனை பேரும், நைட்டியோடும் லுங்கியோடும், அவளைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. ஒருவனுக்கு இருமல், ஒருத்திக்குக் குளிர். மழைக்காலத்தில் எந்த வீட்டில் இல்லை? தொட்டியைப் பார்த்தாள். கோமாளி மீன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குஷியாக நீந்தின. இறால் மணலைக் கிளறியது. அதைப் பார்க்க அவளுக்கு ஆறுதலாக இல்லை.

"அண்ணி," என்றாள் வாயாடி. குரல் மெலிந்திருந்தது. "நெஞ்சு மேல யாரோ உட்கார்ந்திருக்காங்க."

அவள் வேடிக்கையாகப் பேசவில்லை. கண் இரண்டும் சிவந்து, நீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஏங்க, இங்க வாங்க!" என்று கூப்பிட்டாள். பதில் வரவில்லை.

போய்ப் பார்த்தாள். சமையலறைத் தரையில், அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் நீட்டிக் கிடந்தன. உதடு மங்கிய நீலத்தில் இருந்தது. அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"ஒண்ணுமில்ல... மூச்சுதான். லிஃப்ட் மாதிரி... பாதியிலயே நிக்குது."

அவள் வேலை பார்க்கும் பல்செட் கூடத்தில் யாருக்காவது தலை சுற்றினால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்க மாட்டார்கள். எதை முகர்ந்தாய் என்றுதான் கேட்பார்கள். பல்செட் கலக்கும் திரவம் அப்படி. அவன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வாயாடி குடித்தது டீ மட்டும். கதவைச் சாத்திக்கொண்டு இருந்த தனக்கு நாக்குக் கசப்பு, ஆவியில் முகம் வைத்தவனுக்கு மூச்சே இல்லை. பாத்திரத் தொட்டியில் கல் கிடந்தது. பொத்தான்கள் வெந்து சுருங்கி, சாம்பல் நிறத்தில் கோழை போல வழிந்திருந்தன.

கடைக்காரருக்குப் போன் போட்டாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பழுப்புப் பொத்தானா? அதுல வெந்நீர் ஊத்தினாரா?"

"ஆமா."

மறுமுனையில் அவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

"அம்மா, நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. ஜன்னலைத் திறங்க. எல்லாரும் வெளிய போங்க. உடனே. கல்லைத் தொடாதீங்க, அந்தத் தண்ணியைத் தொடாதீங்க. அது விஷம்மா. ஆவியில வந்துடும். ஆஸ்பத்திரில டாக்டர்கிட்ட என் நம்பரைக் குடுங்க, நான் பேசறேன். போங்கம்மா!"

அவள் ஜன்னல் கொக்கியைத் திறந்தாள். சாரல் உள்ளே அடித்தது. வாயாடியின் அக்குளில் தோள் கொடுத்துத் தூக்கி, இழுத்துக்கொண்டே வாசலுக்கு வெளியே கொண்டுவந்து படியில் உட்கார வைத்தாள்.

பிறகு திரும்பினாள். கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் அவன் கால் தெரிந்தது.

அவளால் நிலைப்படியைத் தாண்ட முடியவில்லை. அதை அவள் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை. உள்ளே இருப்பது வெறும் காற்று. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. புகையாக இருந்தாலாவது எங்கே இருக்கிறது எங்கே இல்லை என்று தெரியும். கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வாயாடி, "அண்ணா... அண்ணி, அண்ணா..." என்று முனகினாள். உள்ளே அவன் கால் ஒருமுறை அசைந்தது. செருப்பு கழன்று விழுந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இரு கைகளிலும் பிடித்து இழுத்தாள். கனத்த ஆள், நகரவில்லை. மூச்சு முடிந்து வெளியே ஓடி வந்தாள். மேல்மாடிக்கு ஏறி, கதவை உள்ளங்கையால் அறைந்தாள்.

மேல்மாடிக்காரர் வாயில் எதையோ மென்றுகொண்டே திறந்தார். "என்னம்மா, மறுபடியும் தீ..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"விஷம். அவர் உள்ள கிடக்கார். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வரணும். வருவீங்களா?"

அவர் தோளில் கிடந்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் இறங்கினார். படுக்கை விரிப்பில் அவனை உருட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, தரையோடு தரையாக இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் அவர்தான். மற்ற வீட்டுக்காரர்களைக் கீழே அனுப்பியதும் அவர்தான். "வாங்க, வாங்க, கேள்வி அப்புறம்," என்று அவர் கத்துவது ஆம்புலன்ஸ் கதவு மூடும்வரை கேட்டது.

அவசரப் பிரிவில் இருந்தவர் இளம் டாக்டர். கல், பாசி, பவளம், வெந்நீர் என்று அவள் அழாமல் ஒழுங்காகச் சொல்ல முயன்றாள். சொல்லச் சொல்லத் தனக்கே அது பைத்தியம் பேசுவது போலக் கேட்டது. டாக்டர் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார்.

"இதை நான் பார்த்ததில்ல," என்றார். "ஆனா நீங்க சொல்றதை நம்பறேன். அந்தக் கடைக்காரர் நம்பரைக் குடுங்க. விஷ முறிவு மையத்துலயும் கேட்கறேன்."

பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது டாக்டரின் நடையில் வேகம் கூடியிருந்தது. வாயாடிக்கும் அவளுக்கும் உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். துணிகளைக் களைந்து, உடம்பைக் கழுவச் சொல்லி, வேறு உடுப்புக் கொடுத்தார்கள். அவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"இதுக்கு முறிவு மருந்துன்னு ஒண்ணு இல்ல," என்றார் டாக்டர். எதையும் மூடி மறைத்துப் பேசவில்லை. "நுரையீரலும் இதயமும் தாக்குப்பிடிக்கற வரைக்கும் நாம கூட நின்னு தாங்கணும். நாளைக்குள்ள தெரிஞ்சிடும்."

வாயாடி சாயங்காலமே தேறிவிட்டாள். குளிர் விட்டது, நாக்கில் மட்டும் துரு போகவில்லை. அவன் விஷயம்தான் இழுபறியாக இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இயந்திரம் ஒருமுறை தொனி மாறி ஒலித்தால் போதும், இருவர் கையும் ஒன்றையொன்று தேடும். வாயாடியிடமிருந்து பேச்சே வரவில்லை. வாயாடி பேசாமல் இருந்ததுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

"ஏதாவது சொல்லேன்," என்று கெஞ்சினாள்.

"என்ன அண்ணி சொல்றது? கசக்குதுன்னு நான்தான் முதல்ல சொன்னேன். சொல்லிட்டு ஜோக் அடிச்சேன்."

"எனக்கு ஜன்னலைத் திறக்கச் சொல்லணும்னு தோணிச்சு. சொல்லல."



மறுநாள் காலை டாக்டர் அவளை மட்டும் உள்ளே விட்டார். மோசமாகவில்லை, அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும் என்றார். அவன் முகமூடிக்குள் கண் விழித்துக் கிடந்தான். கண்ணில் அவள் இதுவரை பார்த்திராத ஒன்று இருந்தது. எத்தனையோ மாடி உயரத்தில், இருட்டுக் குழிக்குள், ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிற மனிதன். கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். முகமூடியை விலக்கிப் பேசினான்.

"பயமா இருக்கு."

"ம்."

"மூச்சு விட்டா... அடுத்தது வருமான்னு இருக்கு." ஓய்ந்து, மறுபடி ஆரம்பித்தான். "நீ எப்படி இதைத் தினமும் வச்சிக்கிட்டு... வேலைக்கும் போயிட்டு வர்ற?"

அவளிடம் இதை யாரும் கேட்டதில்லை. கேலி செய்திருக்கிறார்கள், தைரியம் சொல்லியிருக்கிறார்கள்.

"கைக்கு வேலை குடுப்பேன்," என்றாள். விரிப்பின் முனையை எடுத்து அவன் விரல்களுக்கிடையில் வைத்தாள். "இதை மடிங்க. சின்னதா. அப்புறம் பிரிங்க. மூச்சைப் பத்தி நினைக்காதீங்க, அது தானா வரும். பயம் போகாது. போகணும்னு எதிர்பார்க்காதீங்க."

முகமூடியைச் சரியாக வைத்துவிட்டாள். லிஃப்ட் கம்பிகளைச் சுருதி சேர்ப்பது போல முறுக்கும் அந்தக் கை, குழந்தைக் கை போலத் தடுமாறி, துணியை மடித்தது. பிரித்தது. நர்ஸ் வந்து போகச் சொல்லும்வரை அவள் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பயம் போகவில்லை.

அவன் பிழைத்தான். சாதாரண வார்டுக்கு வர ஒரு வாரம், வீட்டுக்கு வர இன்னும் கொஞ்ச நாள். அதற்குள் தீயணைப்புத் துறையினர் முகமூடியும் உடுப்புமாக வந்து கல்லை மூடிய டப்பாவில் எடுத்துப் போனார்கள். சமையலறை முழுவதையும் ப்ளீச் கரைசலால் கழுவினார்கள். அதுவரை பெண்கள் இருவரும் மேல்மாடிக்காரர் வீட்டில் இருந்தார்கள். அவர் தன் அறையைக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்தார். தீயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நுரையீரல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். முழுதாக வருமா என்று கேட்டதற்கு, வரலாம் என்றார். குழிக்குள் இறங்கும் வேலை இனிக் கிடையாது. கம்பெனியில் அவனைப் புகார் வாங்கும் மேசைக்கு மாற்றினார்கள். பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வான். எதிர்முனையில் இருப்பவர்கள் தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடுவார்கள்.

தொட்டியை என்ன செய்வதென்று யாரும் பேச்செடுக்கவில்லை. அவன் அந்தப் பக்கமே போகவில்லை. மீனுக்குத் தீனி போட வாயாடிக்கும் தைரியம் வரவில்லை. ஆகக் கடைசியில், நீளக் கையுறை போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள்தான் தினமும் ஒரு சிட்டிகை தூவினாள். பக்கத்துக் கற்களிலும் பொத்தான்கள் இருந்தன. விளக்கு எரியும்போது விரிந்து, அணைந்ததும் சுருங்கின.

ஒரு சனிக்கிழமை கடைக்காரரை வரச் சொன்னவன் அவனேதான். அவர் பெரிய வாளிகளும், கண்ணை மூடும் கண்ணாடியும், முகமூடியுமாக வந்தார். வீட்டார் மூவரும் வாசலுக்கு வெளியே இருக்க, மெதுவாக, நீரைச் சிந்தாமல், முதலில் மீன்களை எடுத்தார். பிறகு பவளம். பிறகு கற்கள்.

"கல்லுல எல்லாம் ஊதா நல்லாப் புடிச்சிருக்கு சார்," என்றார். இரக்கத்தில் சொன்னதுதான். "பொத்தான் இல்லாத ரெண்டைத் தனியா வைக்கட்டுமா? பின்னால எப்பவாவது..."

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க."

"மணல்?"

"மணலும்தான்."

அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அழவில்லை, மேல்மாடிக்காரர் வீட்டில் அழவில்லை. இப்போது கடைக்காரர் முதல் வாளியைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டும்போது, அதற்குள் கோமாளி மீன் ஒன்று வாலை அடிக்கும் சின்னச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். தோள் குலுங்க, சத்தம் போட்டே அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்காரர் வாளியைச் சுவரோரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவளை இடிக்காமல் ஒதுங்கி இறங்கினார்.

கணவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இறங்கியதற்கே மூச்சு வாங்கியது. அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தான்.